சோறு எப்போது வரும்?

நவம்பர் 8, சனி

இந்த டைரி ஜனவரியில் நகைக்கடையில் கொடுத்தது. பத்து மாதமாக ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்ததைத் தையல்நாயகிதான் பெட்டிக்குள் வைத்தாள். "போன்ல கேட்டா 'ஆங், சரி, வெச்சுடறேன்'னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. அங்க நடக்கறத அன்னன்னிக்கு எழுதி வைங்க, வந்ததும் நான் படிச்சுக்கறேன்" என்றாள். ஆக, எழுதுவது நான், படிக்கப்போவது அவள். முட்டிவலி மட்டும் இல்லாவிட்டால் அவளே வந்திருப்பாள். எனக்கு இந்த வேலை இருந்திருக்காது.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே பையன் மதியழகன் நான்கு வருஷமாக சீனாவில், ஷென்ஜென் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்க்கும் சீனப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். பெயர் வென். தாய் இல்லாத பெண், அப்பா மட்டும்தான். அவர் சரி என்றால்தான் இவள் கழுத்தை நீட்டுவாளாம். அவரோ, பையனைப் பெற்றவர்களோடு உட்கார்ந்து பேசாமல் பதில் சொல்ல மாட்டாராம். அதற்காக என்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

நான் முப்பது வருஷம் மயிலாடுதுறை டிப்போவில் கண்டக்டர். எனக்கு வளவளவென்று பேச வராது. "இது சரிப்பட்டு வராது" என்று நேரில் சொல்லிவிட்டு அடுத்த விமானத்தைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறேன். தையலுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறாள்.

சிவன் கோயில் அன்னாபிஷேகம் முடிந்த கையோடு கிளம்பியது. ஐப்பசிக் கடைசி நாள் கடைமுகத் தீர்த்தவாரிக்கு ஊரில் இருக்கமுடியாது. விமானத்தில் கொடுத்த சோறு உள்ளங்கை அளவு. அதையும் ஒரு மூடிக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் நானும் மதியும் ரயில் ஏறி ஹெங்யாங் வந்தோம். ஹூனான் மாகாணமாம், வென்னின் சொந்த ஊர். டிக்கெட் கேட்க ஆளே இல்லை, இயந்திரம் கேட்கிறது. நல்லவேளை, நான் ரிட்டையர் ஆகிவிட்டேன்.

அந்தப் பெண் ஸ்டேஷனிலேயே "வணக்கம் மாமா" என்றாள். மதி சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதற்குள் என்ன மாமா? பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

சாயங்காலம் அவள் அப்பா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். லுவோ என்று பெயர். டயர் கடை வைத்திருக்கிறார். அதிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு மெஸ் அளவுதான் இருக்கும். பிளாஸ்டிக் முக்காலி, ஈரத்தரை, அடுப்படியிலிருந்து மிளகாய்ப் புகை. நடத்துகிறவளை எல்லாரும் ஹுவா அக்கா என்கிறார்கள். ஐம்பது வயதிருக்கும், போடுகிற சத்தத்தில் கண்டக்டர் வேலைக்கு வரவேண்டியவள். தட்டு, கிண்ணம், கிளாஸ் எல்லாம் சேர்த்து பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு பொட்டலமாக வைக்கிறார்கள். லுவோ குச்சியால் ஒரே குத்து, படார் என்று கிழிந்தது. நான் குத்தியதில் குச்சிதான் வளைந்தது. வென் என் கிண்ணத்தில் சூடான டீயை ஊற்றினாள். குடித்துவிட்டேன். பிறகு பார்த்தால் மற்ற மூவரும் அந்த டீயில் கிண்ணத்தை அலசிக் கீழே கொட்டுகிறார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு ஆரம்பித்தது. மேசை நடுவில் சுற்றுகிற கண்ணாடித் தட்டு. அதில் சிவப்பு மிளகாயை நறுக்கி மூடிய ஒரு பெரிய மீன்தலை, வாத்துக்கறி, பூண்டு போட்ட கீரை, தாமரைக்கிழங்கு, வேகவைத்த முட்டை என்று வந்துகொண்டே இருந்தது. நாம் கையை நீட்டுவதற்குள் வேறொருவர் பக்கம் போய்விடுகிறது, ஸ்டாப்பில் நிற்காத பஸ் மாதிரி. சீனாக்காரன் சப்பென்று சாப்பிடுவான் என்று ஊரில் பயமுறுத்தினார்கள். இங்கே போடுகிற மிளகாய்க்கு எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லாம் சரி, சோறு எங்கே?

"மதி, சோறு எப்ப வரும்?"

"வரும்ப்பா. இதெல்லாம் சாப்புடுங்க."

"இதெல்லாம் தொட்டுக்கறதுடா. வெறும் வாயில எப்புடித் தின்றது?"

கடை மூலையில் மூடி போட்ட ஒரு மரத்தொட்டி. அது நிறைய சோறு. தனியாக வந்து உட்காருகிறவர்கள் எல்லாம் கிண்ணத்தோடு எழுந்து போய் வேண்டிய மட்டும் போட்டுக்கொள்கிறார்கள். என் கண்ணெதிரே போட்டுக்கொள்கிறார்கள்! எங்கள் மேசைக்கு மட்டும் வரவில்லை. அதற்குப் பதில் லுவோ ஒரு பாட்டிலைத் திறந்தார். பார்க்கத் தண்ணீர் மாதிரி, வாசனை டிப்போவின் டீசல் ஷெட்டைத் தோற்கடிக்கும். நான் தொடுவதில்லை என்று கையைக் காட்டினேன். அவர் தன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மதி மொழிபெயர்க்க வாயைத் திறந்தான்.

"மொதல்ல சோறு சொல்லுடா. பேச்சு அப்பறம்" என்றேன்.

மதி சொன்னான். லுவோவின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், உட்கார்ந்தார். ஹுவா அக்கா சோறு கொண்டுவந்து வைத்தாள். நல்ல சோறு, கொஞ்சம் ஒட்டுகிறது. வயிறு நிறைந்தது. சரி, இனி வெற்றிலை பாக்குத் தட்டு வைக்காத குறையாகப் பேச்சை ஆரம்பிப்பார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், மனுஷன் பாட்டிலை மூடி, வாயைத் துடைத்து, எழுந்து போய்விட்டார். கை குலுக்கியதோடு சரி.

இத்தனை தூரம் வந்தவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர்களோடு சம்பந்தமாம்!

நவம்பர் 10, திங்கள்

குளிர். ஹோட்டல் அறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இதை எழுதுகிறேன். மயிலாடுதுறையில் அடைமழை என்று தையல் சொன்னாள். "அந்தப் பொண்ணு எப்புடிங்க?" என்று கேட்டாள். "பொண்ணு மாதிரிதான் இருக்கா" என்றேன். வைத்துவிட்டாள்.

ராத்திரி மறுபடி அதே கடை, அதே மேசை. இன்று கூடுதலாகப் புகை போட்ட பன்றிக்கறி. நான் தொடுவதில்லை என்று வென்னுக்கு யார் சொன்னார்களோ, அந்தத் தட்டு என் பக்கம் வரும்போதெல்லாம் விரலால் பிடித்துத் திருப்பி, மீன் என் முன்னால் நிற்கும்படி செய்தாள். மீனில் முள் எடுத்து என் கிண்ணத்தில் வைத்தாள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

சோறு மட்டும் வரவில்லை. நேற்றுக் கேட்டு வாங்கித் தின்றவன் இன்றும் கேட்பான் என்று தெரியாதா? அலட்சியம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஊரோடு ஒத்துப் போவோம் என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நானே மரத்தொட்டிக்குப் போனேன். மூடியைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு திரும்பினால், லுவோ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறார். வாய் பேசுவதற்குத் திறந்திருக்கிறது. என் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். மெதுவாக உட்கார்ந்து, அந்தக் கிளாஸைத் தான் மட்டும் குடித்துவிட்டு, ஹுவா அக்காவிடம் மூன்று கிண்ணம் சோறு சொன்னார். பேசாமல் சாப்பிட்டோம். பேசாமல் எழுந்தோம்.

ஒரு மனிதன் சோறு போட்டுக்கொண்டதற்கா இவ்வளவு மூஞ்சி? எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டுக்காரன் இரண்டாம் முறை சோறு கேட்டால் சமையல்காரனுக்கே தலைகால் புரியாது.

நவம்பர் 11, செவ்வாய்

மதியோடு சண்டை.

"நீங்க வேணும்னேதானே பண்றீங்க?"

"என்னடா பண்ணுனேன்?"

"அவர் பேச ஆரம்பிச்சாலே நீங்க சோத்துக் கிண்ணத்தத் தூக்கறீங்க. ரெண்டு நாளும் அப்புடித்தான். அவர் ஒரு கிளாஸக் கையில எடுத்தா, கொஞ்சம் மரியாதைக்காவது நீங்க..."

"நான் குடிக்க மாட்டேன்டா."

"குடிக்க யார் சொன்னா? டீயத் தூக்கிக் காட்டுனாப் போதாதா?"

"அவரு சோறு போடாம எழுப்பிவிடுவாரு, நான் மரியாதை பண்ணணுமா?"

"ஆபீஸ் கேன்டீன்ல சோத்தோடதான் தட்டே குடுக்கறாங்க. இங்க ஏன் லேட்டாகுதுன்னு எனக்கென்ன தெரியும்? கொஞ்சம் பொறுத்தா உயிரா போயிடும்?"

கதவைச் சாத்திக்கொண்டு போனான். நாலு வருஷம் இந்த நாட்டில் இருக்கிறான், ஒரு கிண்ணம் சோறு எப்போது வரும் என்று தெரியவில்லை. இவனைப் படிக்கவைத்ததுதான் மிச்சம்.

நவம்பர் 12, புதன்

இன்று லுவோ வரவில்லை. கடையில் அவசர வேலையாம். அவர் கடை நாலு கடை தள்ளித்தான் இருக்கிறது. ஷட்டர் மூடியிருந்ததை வரும்போதே பார்த்தேன்.

நாங்கள் மூவர் மட்டும். நாங்கள் உட்கார்ந்ததுமே வென் ஹுவா அக்காவிடம் ஏதோ சொன்னாள். முதல் தட்டோடு சோறும் வந்தது. இப்போது மட்டும் உடனே வருகிறது! கோபமாக வந்தாலும் சாப்பிட்டேன். வென் கண் சிவந்திருந்தது. மிளகாய்ப் புகை என்று நினைத்தேன். ஆனால் இந்த ஊர்ப் பெண்ணுக்கு மிளகாய் என்ன செய்யும்?

சாப்பாடு முழுக்க ஒரு தடவைகூட அவள் மாமா என்று கூப்பிடவில்லை. நல்லதுதான்.

அறைக்கு வந்ததும் மதி சொன்னான். சத்தம் போடாமல் சொன்னான், அதுதான் ஒரு மாதிரி இருந்தது. "முடிஞ்சுதுப்பா. 'அந்தப் பையனோட அப்பாவுக்கு நம்மகூட உக்கார இஷ்டமில்ல. அப்புடிப்பட்ட வீட்டுக்கு எம் பொண்ண அனுப்ப மாட்டேன்'னு சொல்லிட்டாராம். வென் அவர் பேச்ச மீற மாட்டா. நானும் கேக்கப்போறதில்ல."

எனக்கு உட்கார இஷ்டமில்லையாமே? உட்காரத்தானே இத்தனை தூரம் வந்தேன்? எழுந்து எழுந்து போனது அவரா, நானா?

ஒரு வகையில் வந்த வேலை முடிந்தது. நான் சொல்ல வந்ததை அவர்களே சொல்லிவிட்டார்கள். என் வாய் நோகவில்லை. டிக்கெட்டை முன்னால் மாற்றிப் போடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இருக்கிறதாம். பரவாயில்லை, சந்தோஷம்.

தூக்கம் வரவில்லை. தலையணை சரியில்லை.

நவம்பர் 13, வியாழன்

மதி காலையிலேயே எங்கோ போய்விட்டான். பசித்தது. எனக்குத் தெரிந்த கடை ஒன்றுதான். மத்தியானம் தனியாகப் போனேன். சுவரில் இருந்த படத்தைத் தொட்டுக் காட்டினேன், முட்டையும் மிளகாயும். உட்கார்ந்து மூச்சுவிடுவதற்குள் ஹுவா அக்கா முட்டையையும் அதன் கூடவே ஒரு கிண்ணம் சோற்றையும் கொண்டுவந்து வைத்தாள்.

எனக்கு வந்ததே கோபம். மதி என் போனில் ஒரு மொழிபெயர்ப்பு வசதி போட்டுக் கொடுத்திருக்கிறான். நாம் தமிழில் பேசினால் அது சீனத்தில் பேசும். இதுவரை தொட்டதில்லை. எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "இப்ப கேக்காமலே குடுக்குற. ராத்திரில கேட்டாத்தான் குடுக்குற. மனுசன் பசியோட உக்காந்திருக்கான்னு தெரியல?" என்றேன்.

அது என்ன சொன்னதோ, ஹுவா அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனில் நிறையப் பேசினாள். போன் அதை ஒரு செய்தி வாசிப்பவளின் குரலில் விட்டுவிட்டுச் சொன்னது.

சாராம்சம் இது. மத்தியானம் சாப்பாடு பசிக்கு, அதனால் சோறு உடனே வரும். ராத்திரி விருந்து வேறு. மேசையில் பாட்டில் இருக்கிற வரைக்கும் சோறு வரக் கூடாது. அந்த நேரம்தான் பேச்சு. கிளாஸைக் கையில் எடுத்து, மனதில் இருப்பதைச் சொல்வார்கள். பேசவேண்டியதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் சோறு. சோறு கேட்டால் 'போதும், உங்களோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை, கிளம்பலாம்' என்று அர்த்தம்.

கடைசியில் அவள் சொன்னதைப் போன் சொன்னபடியே எழுதுகிறேன்: "நீங்கள் அவர்களை விரும்பவில்லை என்று நினைத்தேன். மன்னிக்கவும். உங்களுக்கு உண்மையாகவே பசிதானா?"

"பசிதான்" என்றேன். அதைக்கூடப் போன் மொழிபெயர்த்தது.

நம் ஊரில் வயிறு நிறைந்த பிறகுதான் பேச்சு. அதற்காகத்தானே அவசரப்படுத்தினேன்? பேச்சை ஆரம்பிக்க நான் சோறு கேட்டேன், பேச்சை முடிக்கக் கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். அந்த மனுஷன் இரண்டு நாளும் கிளாஸைத் தூக்கிக்கொண்டு நின்றதும், நான் கிண்ணத்தோடு வந்து எதிரில் நின்றதும் நினைவுக்கு வந்தது. முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூட இவ்வளவு மரியாதைக் குறைவாக இருந்திருக்காது. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. வென்னுக்குத் தெரியும், ஆனால் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்திருப்பாள். மதிக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லக்கூடியவள் முட்டை பொரிக்கிறவள், அவளையும் நான் கேட்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மதியிடம் சொல்லவில்லை. சொன்னால், இதற்கும் நான்தான் காரணம் என்பான்.

நேரே டயர் கடைக்குப் போனேன். போனில் சார்ஜ் இல்லை, அதை அங்கே போய்த்தான் பார்த்தேன். லுவோ ஒரு பஸ் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விரல் நகமெல்லாம் கறுப்பு, நம் டிப்போ மெக்கானிக் யாரையோ பார்க்கிற மாதிரியே இருந்தது. ஒற்றை ஆளாக டயரை ரிம்மிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தார், ஒரு பக்கம் எழும்பினால் இன்னொரு பக்கம் உள்ளே போகிறது. முப்பது வருஷத்தில் நட்டநடு ரோட்டில் எத்தனை ஸ்டெப்னி மாற்றியிருப்பேன்! டிரைவர் மாற்ற, கண்டக்டர் சும்மாவா நிற்பான்? கீழே கிடந்த இன்னொரு கம்பியை எடுத்து எதிர்ப்பக்கம் கொடுத்து மிதித்தேன். டயர் கழன்றது. அடுத்ததையும் கழற்றினோம். வேட்டியில் மசி. தையல் திட்டுவாள்.

முடிந்ததும் அவரைத் தொட்டு, என்னைத் தொட்டு, ஹுவா அக்கா கடையைக் காட்டினேன். கையால் வாயில் போடுவது போல் காட்டினேன், உடனே அவசரமாக 'இல்லை, இல்லை' என்று கையை ஆட்டிவிட்டு, கிளாஸைத் தூக்குவது போல் காட்டினேன். தெருவில் நின்று வேட்டி கட்டிய ஒருவன் இப்படிச் சைகை காட்டினால் நம் ஊரில் போலீஸைக் கூப்பிடுவார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை தலையாட்டினார்.

ராத்திரி மதியிடம், "நாளைக்கு எல்லாரும் சாப்புடப் போறோம், அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லு" என்றேன். "எதுக்கு? இன்னொரு தடவ அவமானப்படுத்தவா?" என்றான்.

டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பழகினேன். கண்ணாடியில் பார்க்கச் சகிக்கவில்லை.

நவம்பர் 15, சனி

திட்டம் இதுதான். எத்தனை தட்டு வந்தாலும் சோற்றைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. மத்தியானமே சோற்றில் தையல் கொடுத்துவிட்ட பருப்புப் பொடியைப் போட்டு வயிறு நிறையத் தின்றுவிட்டேன். லுவோ கிளாஸைத் தூக்கினால் நானும் டீயைத் தூக்குவேன். அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் வரை அசைய மாட்டேன்.

கடைக்குள் நுழைந்தேன். லுவோவும் வென்னும் முன்பே வந்திருந்தார்கள். என் இடத்தில் ஒரு கிண்ணம். அதில் குவித்து வைத்த சோறு, ஆவி பறக்கிறது. மீன்தலை இல்லை, கீரை இல்லை, பாட்டில் இல்லை. வெறும் சோறு.

உட்காருவதற்கு முன்பே 'பேச ஒன்றும் இல்லை, கிளம்பு' என்கிறார்கள். பஸ்ஸில் காலை வைப்பதற்குள் இரண்டு விசில் கொடுத்தாயிற்று. எத்தனை பேரை நான் அப்படி ரோட்டில் விட்டிருக்கிறேன் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. நான் செய்ததைத்தான் திருப்பிச் செய்கிறார், நியாயம்தான். ஆனால் எனக்கு வலித்தது. அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மதி, நான் சொல்றத அப்புடியே சொல்லு. ஒரு வார்த்தையும் முழுங்கக் கூடாது" என்றேன்.

"அப்பா, உக்காருங்க..."

"சொல்லுடா! இந்தச் சோத்த எடுக்கச் சொல்லு. எனக்கு வேணாம். நான் கெளம்பறதுக்குச் சோறு கேக்கல. எங்க ஊர்ல மொதல்ல சோறு, வயிறு ரொம்புனப்பறம்தான் நல்லது கெட்டது பேசறது. பேசலாம்னுதான்யா அவசரப்பட்டேன். ரெண்டு நாளா கிளாஸத் தூக்கிட்டு நின்னாரே, என்ன சொல்ல வந்தாருன்னு கேக்காம நான் இந்த ஊர விட்டுப் போவ மாட்டேன். எம் மருமவள வேணாம்னு நான் எப்பச் சொன்னேன்? ஒரு தடவ சொல்லியிருப்பனா?"

கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மதி மொழிபெயர்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அப்பா, இப்ப யாரச் சொன்னீங்க?"

"மொழிபெயர்க்கறியா, இல்ல நானே சைகை காட்டவா?"

அவன் சொல்லச் சொல்ல வென் கையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. லுவோ மட்டும் அசையாமல் கேட்டார். கேட்டு முடித்து, மேசையை விரலால் தட்டிக் காட்டினார். அப்போதுதான் பார்த்தேன். சோறு எனக்கு மட்டும் இல்லை. லுவோவின் முன்னால் ஒரு கிண்ணம், வென்னின் முன்னால் ஒன்று, மதியின் இடத்தில் ஒன்று. எல்லாம் குவித்து, எல்லாம் ஆவி பறக்க.

வென் மதியிடம் சொன்னாள், மதி எனக்குச் சொன்னான். "நீங்க நேத்து கடைல வந்து டயரக் கழட்டுனீங்களாமே? எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல? 'வேண்டாங்கறவன் வேட்டில மசியப் பூசிக்கிட்டு நம்ம டயரத் தூக்க மாட்டான். அவங்க வீட்ல எப்புடிச் சாப்புடுவாங்கன்னு கேளு'ன்னு வென்கிட்ட சொன்னாராம். அவ ராத்திரி எனக்குப் போன் பண்ணிக் கேட்டா. எதுக்குன்னு தெரியாமலே, எங்க வீட்ல மொதல்ல சோறுதான், அதுக்கப்பறம்தான் கொழம்பு, ரசம், மோர் எல்லாம்னு சொன்னேன். 'அப்ப சோறு மொதல்ல வரட்டும்'னு இவர்தான் ஹுவா அக்காகிட்ட சொல்லி வெச்சிருக்கார்."

எனக்காக அந்த மனுஷன் தன் ஊர் வழக்கத்தையே தலைகீழாகத் திருப்பியிருக்கிறார். நான் அதைத்தான் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்தேன். லுவோ முக்காலிக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தார். நான் டீயை ஊற்றிக்கொண்டேன். அவர் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்து எழுந்தார், நானும் பழகியபடி எழுந்தேன். டீ சிந்தியது, யாரும் பார்க்கவில்லை. அவர் பேசினார். மதி சொன்னான்.

"அவருக்கு ஒரே கேள்விதானாம்ப்பா. 'எம் பொண்ணுக்கு அம்மா இல்ல. உங்க வீட்டுக்கு வந்தப்பறம் அவளுக்கு ஒரு நாள் உடம்பு முடியலன்னா, யார் பக்கத்துல உக்காந்திருப்பாங்க?' இதத்தான் மொத நாள்லேர்ந்து கேக்கணும்னு இருந்தாராம்."

எனக்குப் பேச வராது. போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டேன், தையல். மீதி உனக்கே தெரியும். நீ கண்ணாடியைத் தேடி, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், "ஏம்மா இப்புடி எளச்சுக் கெடக்க? சாப்ட்டியா?" என்று கேட்டாய். வென் "சாப்டுறேன் அத்தை" என்றாள். அதை மதி லுவோவுக்கு மொழிபெயர்த்தான். அவர் போனை வாங்கி வெகுநேரம் உன் முகத்தையே பார்த்தார். கிளாஸை உன்னை நோக்கித் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். "அவர் ஏங்க அழுவுறாரு?" என்று நீ கேட்டபோது நான் மிளகாய் என்று சொன்னது பொய்.

பிறகு மீன்தலை வந்தது, வாத்து வந்தது, கீரை வந்தது. சோறு முதலிலேயே வந்துவிட்டதால் இந்த விருந்தை எப்படி முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹுவா அக்கா மற்ற மேசைகளின் மேல் முக்காலிகளைக் கவிழ்த்துவிட்டு, எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நவம்பர் 16, ஞாயிறு

கடைமுகம். இந்நேரம் காவிரியில் கூட்டம் தாங்காது. இங்கே வெந்நீர்கூட ஒழுங்காக வரவில்லை.

டிக்கெட்டை மறுபடி மாற்றிப் போடச் சொன்னேன். மதி முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். மத்தியானம் சம்பந்தி கடைக்கு ஒரு லாரி வருகிறதாம், ஆறு டயர். ஒற்றை ஆளால் முடியாது.